பழைய சீன ஜாடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்போம்

பழைய சீனப் பீங்கான் ஜாடி ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் உடனே அதைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். திருப்பிப் பார்ப்பது சரிதான். ஆனால் அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் தடுமாறுகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். பினாங்கில் ஒரு பழைய சாமான் கடையில், மூடி போட்ட சின்ன நீல வெள்ளை ஜாடி ஒன்று கண்ணில் பட்டது. உருகிப் பிளக்கும் பனிக்கட்டியின் மேல் பிளம் பூக்கள் உதிர்ந்து கிடப்பது போன்ற ஓவியம். அடியில் இரண்டு நீல வளையங்கள், அதற்குள் நான்கு சீன எழுத்துகள்: காங்ஷி நியேன் ஜி. 'காங்ஷி ஆட்சிக் காலத்தில் செய்தது' என்று பொருள். காங்ஷி ஆட்சி 1662 முதல் 1722 வரை. முந்நூறு வருடப் பழையது என்று நினைத்துக்கொண்டு, பெரிதாகப் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். அது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் செய்த ஜாடி என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. புரிந்தபோதும், எழுத்தைப் படித்துப் புரியவில்லை. எழுத்தைச் சுற்றியிருந்த மற்ற எல்லாவற்றையும் பார்க்கப் பழகிய பிறகுதான் புரிந்தது.

அந்த 'மற்ற எல்லாம்' என்னென்ன என்பதைப் பார்ப்போம். அதற்கு, பீங்கான் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்ணும் கல்லும் ஒரே ஒரு தீயும்

சாதாரண மண்பானையைத் தட்டினால் மந்தமான ஒலி வரும். தண்ணீர் ஊற்றினால் கசியும். பீங்கான் அப்படியில்லை. தட்டினால் மணி போல ஒலிக்கும், ஒரு சொட்டுக்கூடக் கசியாது, சுவர் மெல்லியதாக இருந்தால் பின்னால் டார்ச் அடிக்கும்போது வெளிச்சம் ஊடுருவித் தெரியும். காரணம், அது இரண்டு பொருள்களின் கலவை. ஒன்று, காவோலின் என்ற வெள்ளைக் களிமண். சூட்டில் சரிந்து போகாமல் உருவத்தைத் தாங்கி நிற்பது இதுதான். மற்றது, பீங்கான் கல் என்று சொல்லப்படும் ஒருவகைப் பாறை. அதை இடித்துப் பொடியாக்கி, நீரில் கரைத்து, வடிகட்டி, சிறு வெள்ளைச் செங்கற்களாக வார்த்து வைப்பார்கள். சுமார் 1300 டிகிரி செல்சியஸ் சூட்டில் இந்தக் கல் பாதி உருகிக் கண்ணாடி போலாகி, களிமண்ணின் இடுக்குகளை எல்லாம் அடைத்துவிடுகிறது.

இந்தத் தொழிலின் தலைநகரம் ஜியாங்ஷி மாகாணத்தில் இருக்கும் ஜிங்தேஜென். 1004-ல் தொடங்கிய ஜிங்தே ஆட்சிக் காலத்தின் பெயரைத்தான் அந்த ஊர் இன்றும் சுமக்கிறது. பக்கத்தில் இருக்கும் காவோலிங் என்ற ஊரின் பெயரிலிருந்துதான் உலகம் முழுவதும் வழங்கும் 'காவோலின்' என்ற சொல்லே வந்தது. ஃபூஜியான் மாகாணத்து தெஹுவாவின் பால்வெள்ளைச் சிலைகள், ஜெஜியாங் மாகாணத்து லோங்சுவானின் பச்சைப் பாத்திரங்கள் என்று வேறு ஊர்ச் சரக்கும் உண்டு. ஆனால் ஜாடி சேகரிக்கத் தொடங்குபவர் கையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஜிங்தேஜென் ஜாடிதான்.

அந்த ஊரில் வாழ்ந்த தான்த்ரகோல் என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் 1712-லும் 1722-லும் அங்கே பார்த்ததை எல்லாம் கடிதமாக எழுதி அனுப்பினார். இரவில் ஊரைப் பார்த்தால் ஊரே தீப்பிடித்து எரிவது போல இருக்கும் என்கிறார். ஒரு பாத்திரம் முடிவதற்குள் எழுபது பேர் கையால் கடந்து வரும் என்றும் குறிப்பிடுகிறார். வட்டம் வரைபவர் வட்டம் மட்டும் வரைவார், பூ வரைபவர் பூ மட்டும் போடுவார், வண்ணம் நிரப்புவது இன்னொருவர். நாம் 'ஒரு கலைஞரின் படைப்பு' என்று நினைத்து வியப்பது, உண்மையில் ஒரு தெருவே சேர்ந்து செய்த வேலை. எனக்கு இந்தச் செய்தி தெரிந்த பிறகு ஜாடிகள் மேல் மதிப்பு கூடியது.

இதில் சேகரிப்பவர் மனத்தில் பதிய வைக்க வேண்டியது ஒன்று உண்டு. நீல வெள்ளை ஜாடியில் ஓவியம் சுடாத பச்சை மண்ணின் மேல் வரையப்படுகிறது. காய்ந்த மண் தூரிகையிலிருந்து ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். அழிக்க முடியாது, திருத்த முடியாது. அதன் மேல் கண்ணாடிப் பூச்சுக் கொடுத்து, ஒரே தீயில் எல்லாம் சேர்ந்து வெந்து வரும். அதனால் நீலம் பூச்சுக்கு அடியில் இருக்கும். விரலால் தடவினால் வழவழப்பு மட்டும்தான் தெரியும். சிவப்பு, பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு போன்ற எனாமல் வண்ணங்கள் அப்படியில்லை. வெந்த ஜாடியின் மேல் வரைந்து, குறைந்த சூட்டில் இன்னொரு முறை சுடுவார்கள். தடவினால் மேடாகத் தட்டுப்படும். காலப்போக்கில் தேயவும் செய்யும்.

'பீங்கான்' என்ற நம் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான். பொருள் சீனாவிலிருந்து, பெயர் பாரசீகத்திலிருந்து என்றால், இந்தச் சரக்கு எந்தக் கடல்வழிகளில், யார் கைகளில் ஏறி இறங்கி வந்தது என்று ஊகிக்கலாம். ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-ல் நடத்திய அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன.

அடியில் எழுதியிருக்கும் பெயர்

சரி, இப்போது ஜாடியைத் திருப்புவோம்.

அடியில் இருக்கும் எழுத்துகளை ஆட்சிக்குறி என்பார்கள். வழக்கமாக ஆறு எழுத்துகள், இரண்டு வரிசையில். வலப்பக்க வரிசையை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, இடப்பக்கத்துக்கு வர வேண்டும். 'தா மிங் ஷுவான்தே நியேன் ஜி' என்று இருந்தால், முதல் இரண்டு எழுத்து 'மாபெரும் மிங் வம்சம்'. அடுத்த இரண்டு 'ஷுவான்தே' என்ற ஆட்சியின் பெயர். கடைசி இரண்டு 'காலத்தில் செய்தது'. சிங் வம்சம் என்றால் 'தா சிங்' என்று தொடங்கும். நான்கு எழுத்துக் குறிகளில் வம்சத்தின் பெயரை விட்டுவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் சியான்லோங் காலம் தொட்டு, கட்டம் கட்டமான முத்திரை எழுத்தில் எழுதுவதும் பெருகியது.

மிங் வம்சம் 1368 முதல் 1644 வரை. சிங் வம்சம் அதன் பிறகு 1912 வரை. ஜாடி விற்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர்கள்: ஷுவான்தே (1426–1435), செங்ஹுவா (1465–1487), வான்லி (1573–1620), காங்ஷி, யோங்ஜெங் (1723–1735), சியான்லோங் (1736–1795), குவாங்ஷு (1875–1908). இந்த ஏழையும் மனப்பாடம் செய்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

ஆனால் குறி சொல்லும் காலமும் ஜாடி செய்த காலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. புதிதாக வருபவருக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது என்றால் அது இதுதான்.

எல்லாம் ஏமாற்று வேலையா என்றால், இல்லை. சீன மரபில் பழையதைப் பார்த்துச் செய்வது பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை. ஒரு குயவர் செங்ஹுவா காலத்துப் பாணியில் ஜாடி செய்தால், அந்தப் பெயரையும் சேர்த்தே எழுதினார். இன்னொரு காரணமும் உண்டு. 1677-ல் ஜிங்தேஜென் வட்டாரத்து அதிகாரி ஒருவர், ஆளும் பேரரசரின் ஆட்சிப் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். பாத்திரம் உடைந்து குப்பையில் விழுந்தால் பேரரசரின் பெயரும் குப்பைக்குப் போகும் அல்லவா? அதனால் காங்ஷி காலத்து உண்மையான ஜாடிகள் பலவற்றில் காங்ஷி என்ற பெயரே இருக்காது. வெறும் இரட்டை நீல வளையம் மட்டும் இருக்கும். அல்லது ஓர் இலை, ஒரு தாமரை, ஒரு காளான் வரைந்திருக்கும். அல்லது இருநூறு வருடம் முந்தைய செங்ஹுவாவின் பெயர் இருக்கும்.

அப்புறம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்தால் கதை தலைகீழ். 1850களில் தைப்பிங் கிளர்ச்சியில் ஜிங்தேஜென் சூளைகள் அழிந்தன. பிறகு தொழில் மீண்டு வந்தபோது, காங்ஷி காலத்து நீல வெள்ளைச் சரக்கின் மேல் ஐரோப்பாவில் பெரும் மோகம் இருந்தது. லண்டனில் ஓவியர்கள்கூடப் போட்டி போட்டுக்கொண்டு அதை வாங்கிக் குவித்தார்கள். அந்தச் சந்தைக்காகப் பழைய பாணியில் செய்து, நான்கு எழுத்தில் காங்ஷி பெயரையும் எழுதி அனுப்பினார்கள். என் பிளம் பூ ஜாடி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. நான்கு எழுத்துக் காங்ஷி குறி, இரட்டை வளையம், பனியும் பிளம் பூவும்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் இப்போது நான் முதலில் நினைப்பது 19ஆம் நூற்றாண்டைத்தான். விதிவிலக்கு இருக்கலாம், அதை நிரூபிக்கும் பொறுப்பு ஜாடிக்கு.

ஆட்சிக்குறியை விட எளிதாகக் காலம் சொல்லும் எழுத்து ஒன்று இருக்கிறது: ஆங்கில எழுத்தில் 'சைனா' என்ற சொல். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியாக வேண்டும் என்றது. எனவே அடியில் அப்படி ஒரு சொல் அச்சாகியிருந்தால், பக்கத்தில் எந்தப் பேரரசரின் பெயர் இருந்தாலும் ஜாடி அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. சொல் இல்லாததால் பழையது என்று ஆகிவிடாது. அதையும் நினைவில் வையுங்கள்.

வண்ணமும் இதேபோல் பொய்யைக் காட்டிக் கொடுக்கும். தங்கத்திலிருந்து எடுக்கும் இளஞ்சிவப்பு எனாமல் சீனப் பீங்கானில் புழக்கத்துக்கு வந்தது 1720-ஐ ஒட்டித்தான். இளஞ்சிவப்பு மலர்கள் வரைந்த ஜாடியின் அடியில் மிங் ஆட்சிக்குறி இருந்தால், அந்த ஜாடி மிங் காலத்தது அல்ல. வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

எழுத்தைச் சுற்றி இருப்பவை

இனி, ஆட்சிக்குறியை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பதைப் பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஜாடி நிற்கும் அடி வளையத்தில் கண்ணாடிப் பூச்சு இருக்காது. இருந்தால் சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்; அதனால் துடைத்துவிடுவார்கள். ஆகவே ஜாடியின் நிர்வாணமான மண் வெளியே தெரியும் ஒரே இடம் இந்த வளையம். மண் எவ்வளவு வெள்ளை, எவ்வளவு நயம், மணல் துகள் ஒட்டியிருக்கிறதா, பூச்சு முடியும் ஓரத்தில் இரும்புச்சத்து வெந்து மெல்லிய செம்மஞ்சள் கோடு விழுந்திருக்கிறதா? எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். மிங்குக்கு முந்தைய யுவான் வம்சத்திலும் தொடக்க மிங் காலத்திலும் செய்த பெரிய ஜாடிகளில் அடிப்பாகம் முழுவதுமே பூச்சில்லாமல் விடப்பட்டிருப்பது உண்டு. சிங் காலத்தின் உச்சத்தில், அரச சூளைச் சரக்கின் வளையம் வழவழவென்று உருண்டு இருக்கும். சீனச் சேகரிப்பாளர்கள் அதை அயிரை மீனின் முதுகுக்கு ஒப்பிடுவார்கள். அயிரையைக் கையில் பிடித்த நம் ஊர்க்காரருக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, இணைப்பு. உயரமான ஜாடியை ஒரே மூச்சில் திருகையில் இழுத்து எடுக்க முடியாது. கீழ்ப்பாதி, மேல்பாதி, கழுத்து என்று தனித்தனியாகச் செய்து, களிமண் குழம்பால் ஒட்டுவார்கள். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலோ கையை விட்டுத் தடவினாலோ அந்த ஒட்டு ஒரு மேடாகத் தட்டுப்படும். மிங் ஜாடிகளில் வெளியிலிருந்து பார்த்தாலே வயிற்றுப் பகுதியில் தெரிவதுண்டு. அச்சில் ஊற்றி வார்த்த நவீன ஜாடியில் உள்ளே எல்லாம் சீராக, சொரசொரப்பே இல்லாமல் இருக்கும். தொடக்கக்காரர் ஒருவர் மலிவான போலிகளை ஒதுக்க இந்த ஒரு சோதனையே பாதி வேலையைச் செய்துவிடும். நல்ல போலிகளை இது தடுக்காது. ஏனென்றால் அவற்றையும் ஜிங்தேஜென்னில் கையால்தான் செய்கிறார்கள், பழைய முறையிலேயே.

நீலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 14ஆம் நூற்றாண்டு யுவான் காலத்திலும் 15ஆம் நூற்றாண்டுத் தொடக்க மிங் காலத்திலும் ஜாடிகளுக்கு நீலம் தரும் கோபால்ட் என்ற தாது பாரசீகப் பகுதியிலிருந்து வந்தது. அதில் இரும்பு அதிகம். தூரிகையில் வண்ணம் திரண்டு விழுந்த இடங்களில் இரும்பு மேலெழும்பிக் கருநீலப் புள்ளிகளாக உறைந்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, மண்ணும் தீயும் செய்தது. மூன்று நூற்றாண்டுகள் கழித்து, சுத்தமான கோபால்ட் கிடைத்த காலத்தில், யோங்ஜெங், சியான்லோங் அரச சூளைகளில் பழைய மிங் ஜாடியைப் போலவே செய்ய ஆசைப்பட்டார்கள். புள்ளி தானாக விழவில்லை. எனவே தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக வைத்தார்கள்! பூதக்கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: தானாக விழுந்த புள்ளி பூச்சுக்குள் அமிழ்ந்து, இடம் பார்க்காமல் விழுந்திருக்கும், வைத்த புள்ளி கோட்டின் ஓரங்களில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்.

தேய்மானத்தையும் பாருங்கள். முந்நூறு வருடம் மேசைகளில் இருந்த ஜாடியின் அடி வளையம் மெல்லத் தேய்ந்து அழுக்கேறி மழமழப்பாகும். கீறல்கள் பல திசைகளில் ஓடும். உப்புத்தாள் தேய்த்துச் செய்த தேய்மானத்தில் கீறல்கள் ஒரே திசையில் இருக்கும். தேநீரில் ஊறவைப்பது, அமிலத்தில் பளபளப்பைக் கொல்வது, மண்ணில் புதைப்பது எல்லாம் நடக்கின்றன. அழுக்கு, படிய வேண்டிய பள்ளங்களில் மட்டும் இல்லாமல் எங்கும் சமமாகப் படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

உருவமும் பேரும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகன்ற தோளும் மிகச் சிறிய வாயும் கொண்டது மெய்பிங். பெயருக்கு 'பிளம் ஜாடி' என்று பொருள். ஒரே ஒரு பிளம் கிளை வைக்கத்தான் வாய் இடம் கொடுக்கும் என்பதால் அப்படிப் பெயர் வந்தது. ஆனால் ஆதியில் அது மது வைக்கும் பாத்திரம். பேரிக்காய் போல வயிறு பெருத்து வாய் விரிந்தது யூஹுசுன்பிங். உருண்டைப் பந்தின் மேல் நேர்க் கழுத்து வைத்தது போல இருப்பது தியான்சியூபிங், அதாவது 'வானக் கோள ஜாடி'. சுரைக்காய் வடிவம் ஹூலு. உருளையாக நிமிர்ந்து நிற்பதைச் சீனர்கள் துணி துவைக்கும் கட்டைக்கு ஒப்பிட்டு பாங்சுயிபிங் என்பார்கள். காங்ஷி காலத்தில் இது மிகுதி. ஒவ்வொரு பெயரும் 'பிங்' என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள், ஹூலுவைத் தவிர. ஜாடியைக் குறிக்கும் 'பிங்' என்ற சொல்லும் அமைதியைக் குறிக்கும் 'பிங்' என்ற சொல்லும் சீனத்தில் ஒரே ஒலி. வீட்டில் ஒரு ஜாடி வைப்பது அமைதியை வரவேற்பது. பரிசாக ஜாடி கொடுப்பதன் பின்னால் இந்த ஒலி இருக்கிறது.

நம்பத் தகுந்த எழுத்து

ஆட்சிக்குறியை நம்ப வேண்டாம் என்றால், பீங்கானில் நம்பத் தகுந்த எழுத்தே கிடையாதா? உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் யானைத் தலைக் கைப்பிடிகளுடன் ஒரு ஜோடி நீல வெள்ளை ஜாடிகள் இருக்கின்றன. சேகரித்தவர் பெயரால் டேவிட் ஜாடிகள் என்கிறார்கள். சுமார் 63 சென்டிமீட்டர் உயரம். அவற்றின் கழுத்தில், ஜாங் வென்ஜின் என்ற பக்தர் குடும்ப நலனுக்காகக் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கை என்று நீண்ட வாசகமும் தேதியும் எழுதியிருக்கிறது. நம் கணக்கில் 1351. கோயில் தூணில் உபயதாரர் பெயரும் வருடமும் இருப்பது போலத்தான். 1950களில் ஜான் போப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த ஜோடியை அளவுகோலாக வைத்துத்தான், இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையிலும் ஈரானின் அர்தபில் தர்காவிலும் இருந்த நீல வெள்ளைப் பாத்திரங்களில் எவை 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று பிரித்துக் காட்டினார்.

இன்னொரு வகை எழுத்து, ஜாடியை வைத்திருந்தவர்கள் பொறித்தது. ஜெர்மன் பகுதியான சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸுக்குப் பீங்கான் மேல் தீராத வெறி. தனக்கிருப்பது பீங்கான் நோய் என்று அவரே சொல்லிக்கொண்டார். 1717-ல் பிரஷ்ய அரசரிடம் தன் குதிரைப் படை வீரர்கள் 600 பேரைக் கொடுத்துவிட்டு, 151 பீங்கான் பொருள்களை வாங்கிக்கொண்டார். அவற்றில் இருந்த பெரிய மூடி ஜாடிகளுக்கு 'டிராகூன் ஜாடிகள்' என்றே பெயர் நின்றுவிட்டது. அந்தக் குதிரை வீரர்களின் பெயர் அது. மனிதர்களைக் கொடுத்து ஜாடி வாங்கிய அந்தக் கணக்கை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஜாடிகள் டிரெஸ்டனில் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. 1721-ல் அவருடைய சேகரிப்புக்குப் பட்டியல் எடுக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு பொருளின் அடியிலும் ஓர் எண் பொறித்தார்கள். பிற்காலத்தில் சில பொருள்கள் வெளியே விற்கப்பட்டன. அந்த எண்ணும் பட்டியலும் பொருந்தினால், ஜாடி எப்போது ஐரோப்பாவில் இருந்தது என்பதற்கு உறுதியான சாட்சி கிடைத்துவிடுகிறது. ஆட்சிக்குறி தராத உறுதி இது.

கடலடியிலிருந்து வந்த சரக்கும் அப்படித்தான். வியட்நாமின் வூங் தாவ் கடற்கரைக்கு அப்பால், 1690 வாக்கில் மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து எடுத்த காங்ஷி காலத்து நீல வெள்ளைப் பீங்கான்கள் 1992-ல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தன. சின்னச் சின்னப் பூச்சாடிகள் அதில் ஏராளம். 1752-ல் மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பலின் சரக்கு 1986-ல் விற்றது. ஒன்றரை லட்சம் பொருள்களுக்கு மேல். ஏல நிறுவனம் ஒட்டிய சீட்டு இன்றும் அடியில் ஒட்டியிருக்கும். காலம் உறுதியான, விலை எட்டாத உயரத்தில் இல்லாத சரக்கு என்பதால் தொடக்கக்காரர்களுக்கு இவற்றைத்தான் பரிந்துரைக்கிறேன். பல நூறு வருட உப்புநீரில் சிலவற்றின் பளபளப்பு மங்கியிருக்கும். ஒரு வருத்தமும் இருக்கிறது: கெல்டர்மால்சனைத் தோண்டியவர்கள் ஆய்வுக்காகத் தோண்டவில்லை, விற்பனைக்காகத் தோண்டினார்கள். தொல்லியலாளர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

உடைசல்

2006-ல் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் பார்வையாளர் ஒருவர் தடுமாறி விழுந்ததில், ஜன்னல் திண்டில் இருந்த மூன்று சிங் காலத்து ஜாடிகள் சுக்குநூறாக உடைந்தன. அவற்றைத் துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டி மீட்டார்கள். அவ்வளவு உடைந்ததையே அப்படிச் சேர்க்க முடியும் என்றால், கடையில் இருக்கும் ஜாடியின் வாயில் ஒட்டுவேலை நடந்திருப்பதை வெறும் கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பது? கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் அடித்துப் பாருங்கள். பிற்காலப் பெயின்ட், பசை எல்லாம் சுற்றியுள்ள பூச்சிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும். எல்லா ஒட்டுவேலையும் அகப்படாது, ஆனால் நிறையவே அகப்படும். விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். மணி ஒலிக்குப் பதில் மந்தமாகக் கேட்டால் எங்கோ மயிரிழை விரிசல் ஓடுகிறது. அடியில் துளை இருந்தால், ஐரோப்பாவில் அதை மேசை விளக்காக மாற்றியிருந்தார்கள் என்று அர்த்தம். வாயில் உலோகப் பட்டை போட்டிருந்தால், அதற்கடியில் உடைந்த கழுத்தை வெட்டிச் சீராக்கியிருக்கலாம்.

உடைசலைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அடிபட்ட உண்மையான காங்ஷி ஜாடி, பழுதில்லாததன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். உடைந்த ஓரத்தில் மண்ணின் குறுக்குவெட்டு தெரியும்; எந்தப் புத்தகப் படமும் காட்டாத பாடம் அது. நான் அடிக்கடி கையில் எடுத்துப் பார்ப்பது என்னிடம் இருக்கும் உடைந்தவற்றைத்தான்.

விலைக் கதைகளும் சட்டமும்

2022-ல் பாரிஸுக்கு அருகே ஃபொந்தேன்புளோவில், பாட்டி வழியாக வந்த தியான்சியூபிங் ஒன்று ஏலத்துக்கு வந்தது. நீலப் பின்னணியில் டிராகன்களும் மேகங்களும். 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று நிபுணர் 2,000 யூரோ வரை மதிப்பிட்டிருந்தார். 77 லட்சம் யூரோவுக்குப் போனது. நிபுணர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வாங்கப் போட்டியிட்டவர்கள் அது 18ஆம் நூற்றாண்டு என்று நம்பினார்கள். 2010-ல் லண்டன் புறநகரில் சியான்லோங் ஜாடி ஒன்றை 4.3 கோடி பவுண்டுக்குக் கேட்டவர் பணமே கட்டவில்லை. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டுப் பரணைத் துழாவ வேண்டாம். வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்களே ஒத்துப்போகாத பொருள் இது என்பதைத்தான் அந்தச் செய்திகளிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். ஆய்வகச் சோதனை ஒன்று உண்டு: அடியில் துளையிட்டுப் பொடி எடுத்து, சூடாக்கும்போது வெளிப்படும் ஒளியை அளந்து, கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று கணக்கிடுவார்கள். துல்லியமான வருடம் தராது. பழைய அடிப்பாகத்தில் புதிய உடலை ஒட்டியவர்களிடம் ஏமாறவும் செய்யும்.

சீனாவில் 1911-க்கு முந்தைய பண்பாட்டுப் பொருள்களை வெளியே எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. ஆகவே சுற்றுலா போன இடத்தில் ஒருவர் மிங் ஜாடியை விற்று, தாராளமாகப் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள் என்றால், ஒன்று அது மிங் ஜாடி இல்லை, அல்லது நீங்கள் குற்றம் செய்யப் போகிறீர்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவந்து பிறகு விற்க அனுப்பலாம் என்று திட்டமிடுபவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ரசீது, பழைய புகைப்படம், ஏலச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். சீட்டு அசிங்கமாக இருக்கிறது என்று சுரண்டி எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே பழகுவது

பார்க்க, ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் சீனப் பீங்கான்கள் இருக்கின்றன. லண்டன் போக வாய்த்தால் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95ஆம் அறையில், டேவிட் சேகரிப்பின் சுமார் 1,700 பொருள்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் தொட முடியாது. தொட்டுப் பார்க்க, லண்டன், ஹாங்காங் போன்ற ஊர்களின் ஏலக் கூடங்கள்தான் சிறந்த இடம். ஏலத்துக்கு முந்தைய காட்சி நாட்களில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வாங்க வேண்டும் என்று இல்லை. ஊழியரிடம் கேட்டால் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றிப் பையில் போடுங்கள். மூடி இருந்தால் முதலில் அதை எடுத்து ஓரமாக வையுங்கள். கழுத்தையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. பழைய ஒட்டு அங்கேதான் இருக்கும். ஒரு கை உடலில், ஒரு கை அடியில். மேசைக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். எடை கைக்குப் பழகும்வரை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருங்கள். பிறகு மெதுவாகத் திருப்புங்கள். எழுத்தைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் அடி வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள்.